குடிவரவாளரும் காசநோயும்: பிரித்தானிய அனுபவம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

புதுமைப்பித்தன் 1948 ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில் திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்தார். அதே ஆண்டு ஒக்டோபரிலே பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், ஸ்ரெப்டோமைசின் என்னும் மருந்து இந்நோயின் போக்கை மாற்றவல்லது என்பதை நிறுவிய தனது பரிசோதனை முடிவுகளை வெளியிட்டது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட காலம் நான்கு மாதங்களே. ஆயினும் அம்மருந்தின் பயன் ஓராண்டு முன்னதாகவே நிறுவப்பட்டிருப்பினும், எழுத்தையும் திரைப்பட வசனத்தையும் நம்பி வாழ்ந்த ஒருவரின் கைக்கு அது எட்டியிருக்குமா என்பது வேறு வினா. மருந்து உளதாதல் ஒன்று. அது நோயாளியைச் சென்றடைதல் பிறிதொன்று. முன்னையது விஞ்ஞானத்தின் பாற்பட்டது. பின்னையது சமூக உறவுகளின் பாற்பட்டது.

இவ்வேறுபாடு இன்றும் அற்றுப்போகவில்லை. ஆறு மாதம் ஒழுங்காக மருந்துண்டால் சாதாரண காசநோய் பெரும்பாலும் முற்றாகக் குணமாகிவிடும். அவ்வாறிருந்தும், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023 இல் 1 கோடியே 8 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர்; 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் மாண்டனர். இவருள் மிகப் பெரும்பாலோர் வறிய நாடுகளைச் சேர்ந்தோர். செல்வம் மிக்க நாடுகளிலோ காசநோய் இன்று பெருமளவுக்குக் குடிவரவாளரின் நோயாகக் காணப்படுகின்றது. இங்கிலாந்தில் 2024 இல் அறிவிக்கப்பட்ட நோயாளர் தொகை 5,400 ஐத் தாண்டியது. அவருள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் அந்நாட்டுக்கு வெளியே பிறந்தவர்கள்.

இத்தரவை ஒருவர் இருவகையாக வாசிக்கலாம். 'குடிவரவாளர் நோயைக் கொண்டுவருகின்றனர்' என்பது ஒரு வாசிப்பு. பத்திரிகைகளிலும் தேர்தல் மேடைகளிலும் மிகுதியும் கேட்கப்படுவது இதுவே. 'வந்தவர்கள் நோயாளராக ஆகின்றனர்' என்பது மற்றொன்று. முதலாவது வாசிப்பு நாட்டின் வாயிலிலே காவல் வைக்கச் சொல்கின்றது. இரண்டாவது, வாயிலைக் கடந்து வந்தவன் எங்கே உறங்குகின்றான், எவ்வாறு உழைக்கின்றான் என வினவச் சொல்கின்றது. பிரித்தானியாவில் நடைமுறையிலுள்ள பரிசோதனை முறைகளை விளக்கி, மேற்குறித்த இரு வாசிப்புகளுள் எது சான்றுகளுக்கு இயைவது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எம்மவர் பலர் அவ்வாயிலைக் கடந்து சென்றவர்கள், செல்கின்றவர்கள் என்ற வகையிலும் இவ்வாய்வு எமக்கு அந்நியமானதன்று.

1. தொற்றும் நோயும்

ஆய்வின் தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் அவசியமாகும். காசநோய்க் கிருமியை றொபேர்ட் கொக் 1882 மார்ச் 24 இல் உலகுக்கு அறிவித்தார். அக்கிருமி காற்றின் வழியே, நோயாளியின் இருமலினூடாகப் பரவுவது. ஆனால் அது உடலினுட் புகுந்த அனைவரும் நோயாளர் ஆவதில்லை. உலக சனத்தொகையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினரின் உடலில் இத்தொற்று ஏற்பட்டிருக்கின்றது எனக் கணிக்கப்படுகின்றது. அவருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் மட்டுமே தம் வாழ்நாளில் நோய்வாய்ப்படுகின்றனர். ஏனையோரின் உடலின் எதிர்ப்பாற்றல் கிருமியைச் சுற்றி வளைத்து அடக்கி வைத்திருக்கின்றது.

இவ்வாறு அடங்கிக் கிடக்கும் நிலையை மறைநிலைத் தொற்று என்பர். அந்நிலையிலுள்ளவருக்கு இருமலில்லை, காய்ச்சலில்லை. அவரால் எவருக்கும் நோய் பரவுவதுமில்லை. எதிர்ப்பாற்றல் குன்றும்போது தொற்று நோயாக எழுகின்றது. போசாக்கின்மை, நீரிழிவு, எச்.ஐ.வி. தொற்று, மது, புகைத்தல், முதுமை ஆகியன எதிர்ப்பாற்றலைக் குன்றச் செய்வன. தொற்று ஏற்பட்ட முதலிரு ஆண்டுகளிலே இந்த அபாயம் மிகுதி; எனினும் பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் அது எழக்கூடும்.

எக்ஸ் கதிர்ப்படம் சுவாசப்பையில் ஏற்பட்டுவிட்ட சிதைவைக் காட்டும். அடங்கிக் கிடக்கும் தொற்றைக் காட்டாது. அதனை அறியத் தோலிற் செய்யப்படும் சோதனையோ குருதிச் சோதனையோ வேண்டும். அவையும் தொற்று உண்டா இல்லையா என்பதைத் தெரிவிக்குமேயன்றி, அது யாரிடத்து எப்பொழுது நோயாகும் என்பதைத் தெரிவிக்கமாட்டா. இந்த மருத்துவ உண்மை பின்னர் கூறப்படுவனவற்றுக்கு அடிப்படையாக அமைவதால் மனங்கொள்ளத்தக்கது.

2. வாயிற் சோதனையின் வரலாறு

பிரித்தானியாவில் அந்நியர் வருகையைக் கட்டுப்படுத்த எழுந்த முதலாவது நவீன சட்டம் 1905 ஆம் ஆண்டின் அந்நியர் சட்டமாகும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஒடுக்குமுறைக்கும் வறுமைக்கும் அஞ்சி வந்த யூதர்களை மனத்திற்கொண்டே இது இயற்றப்பட்டது. நோய் காரணமாகப் பொதுப் பணத்துக்குச் சுமையாகக் கூடியவரைத் திருப்பியனுப்ப அது அதிகாரம் அளித்தது. அச்சட்டத்தின் ஓர் ஏற்பாடு நுணுகி நோக்கத்தக்கது. கப்பலின் அடித்தட்டிலே மலிவுக் கட்டணத்திற் பயணஞ் செய்தோரே அதன்படி சோதிக்கப்பட்டனர். அறையெடுத்துப் பயணஞ் செய்தோருக்கு அச்சோதனை இல்லை. கிருமி பயணச்சீட்டின் வகுப்பை அறியாது, சட்டம் அறிந்திருந்தது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் பிரித்தானிய ஆலைகளுக்கும் போக்குவரத்துச் சேவைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் உழைப்பு தேவைப்பட்டது. அயர்லாந்து, கரிபியன் தீவுகள், இந்தியா, பாகிஸ்தான் ஆகிய இடங்களிலிருந்து தொழிலாளர் வந்து சேர்ந்தனர். 1960களிற் குடிவரவுக் கட்டுப்பாடு அரசியற் பிரச்சினையாக வளர்ந்தபொழுது காசநோயும் அவ்விவாதத்தினுள் இழுக்கப்பட்டது. 1965 முதல், நீண்டகாலம் தங்க வருவோர் செல்லவிருக்கும் முகவரி துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ பெறப்பட்டு, அவ்வூர்ச் சுகாதார அதிகாரிக்கு அனுப்பப்பட்டது. கீத்ரோ, கற்விக் விமான நிலையங்களில் எக்ஸ் கதிர்ப்படக் கருவிகளும் பின்னர் இயங்கின. அடிக்கடி அறை மாற நேர்ந்த தொழிலாளரின் முகவரிகளைப் பின்தொடர்வது எளிதாக இருக்கவில்லை.

2005 இல் தெரிந்தெடுத்த சில நாடுகளிலே பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்ட மற்றொரு முறை, 2012 இல் விரிவாக்கப்பட்டு விமான நிலையக் கதிர்ப்படத்தின் இடத்தைப் பிடித்தது. இதன்படி சோதனை பிரித்தானியாவில் அன்றிப் புறப்படும் நாட்டிலேயே நடைபெறுகின்றது. காசநோய் வீதம் இலட்சத்துக்கு 40 ஐ எட்டிய நாடுகளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வீசா கோருவோர், அங்கீகரிக்கப்பட்ட நிலையமொன்றிற் கதிர்ப்படம் எடுத்தல் வேண்டும். இந்தியாவும் இலங்கையும் அப்பட்டியலில் உள்ளன. படத்தில் ஐயம் தோன்றின் சளி மாதிரிகள் பெறப்பட்டுக் கிருமி வளர்ப்புச் சோதனை நடத்தப்படும். இதற்கு இரண்டு மாதங்கள் வரை செல்லலாம். நோயற்றவர் எனக் காணப்பட்டவருக்கு வழங்கப்படும் சான்றிதழ் வழமையாக ஆறு மாதம் செல்லுபடியாகும். நோய் காணப்பட்டவர் சிகிச்சையை முடித்த பின்னரே சான்றிதழ் பெறலாம். செலவு விண்ணப்பதாரியுடையது. குறுகிய காலம் தங்கும் உல்லாசப் பயணிக்கும் வர்த்தகருக்கும் இது வேண்டியதில்லை. தங்கும் காலம் குறையின் அபாயமும் குறையும் என்பது இதற்குக் கூறப்படும் மருத்துவ நியாயம். அது முற்றிலும் பொய்யன்று.

இத்தகைய வாயிற் சோதனை இலங்கைத் தமிழ் வாசகருக்குப் புதிய செய்தியாகாது. தென்னிந்தியாவிலிருந்து பெருந்தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர், மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே இக்கரைக்கு அனுப்பப்பட்டனர். வாந்திபேதியும் அம்மையும் தீவினுள் நுழையாது தடுத்தலே அம்முகாமின் நோக்கம். முகாமிலே தொழிலாளியின் உடல்மீது காட்டப்பட்ட கவனம், அவன் குடும்பத்துடன் அடைபட்டு வாழ்ந்த லயன் அறைமீது காட்டப்படவில்லை. நோய் உள்ளே வருதல் ஆளுவோரின் கவலை. உள்ளே வந்தவன் நோயுறுதல் அவனுடைய விதி. காலமும் நோயும் வேறாயினும் தருக்கம் ஒன்றே.

3. சோதனை காண்பதும் காணாததும்

வாயிற் சோதனை பயனற்றது எனக் கூறுதல் நியாயமாகாது. பரீட்சார்த்தக் காலத்தில் சோதிக்கப்பட்டவருள் இலட்சத்துக்கு ஏறத்தாழ 90 பேரிடத்து நோய் உறுதிசெய்யப்பட்டது. நோயின் தொடக்க நிலையிலேயே அது கண்டறியப்படுவது முதலில் அந்நோயாளிக்கே நன்மை பயப்பதாகும். அவருடன் பயணஞ் செய்வோருக்கும் வாழ்வோருக்கும் அது பாதுகாப்பு. பிரச்சினை, அச்சோதனையே போதும் என எண்ணுவதில் தோன்றுகின்றது.

2016 இல் 'லான்செற்' மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்று இதனைத் தெளிவுபடுத்துகின்றது. 15 நாடுகளில் 2006 முதல் 2012 வரை சோதிக்கப்பட்டுப் பிரித்தானியாவுக்குச் சென்ற ஏறத்தாழ 5 இலட்சத்து 20 ஆயிரம் பேரை அவ்வாய்வாளர் பின்தொடர்ந்து நோக்கினர். 2013 வரையில் அவருள் 1,873 பேர் காசநோயாளராக அறிவிக்கப்பட்டனர். இவர்கள் அனைவரும் சான்றிதழ் பெற்றவர்கள். சோதனையிலே தவறு நேர்ந்தது என்பதன்று இதன் பொருள். சோதனை நாளன்று அவருட் பெரும்பாலோரிடத்து நோய் இருக்கவில்லை. மறைநிலைத் தொற்றே இருந்தது எனக் கொள்ளுதல் தகும். கதிர்ப்படத்துக்குப் புலப்படாத அத்தொற்று, பிரித்தானிய மண்ணில் வாழ்ந்த காலத்திலே நோயாக எழுந்தது.

அதே ஆய்வின் மற்றொரு முடிவும் முக்கியமானது. கிருமிகளின் மரபணு அடையாளங்களை ஒப்பிட்டு, இவர்களிடமிருந்து பிறருக்கு நோய் பரவியதா என ஆராய்ந்தபொழுது, அவ்வாறு பரப்பியிருக்கக்கூடியோர் எனக் கருதத்தக்கவர் 35 பேரே எனக் காணப்பட்டது. அரை மில்லியனுக்கு மேற்பட்டோருள் 35 பேர்! 'குடிவரவாளரால் நாட்டு மக்களுக்கு ஆபத்து' என்னும் கூற்றுக்கு இத்தரவு ஆதாரம் தருவதாயில்லை. காசநோயால் ஆபத்துக்குள்ளாவது பெரும்பாலும் குடிவரவாளரே. பரிசோதனையின் நோக்கம் எவரைப் பாதுகாத்தல் என்ற வினாவை இம்முடிவு எம்முன் நிறுத்துகின்றது.

4. வறுமையும் மருந்தும்

தொற்று நோயாக எழுவதில் வாழ்க்கை நிலைமைகளுக்குரிய பங்கு நீண்டகாலமாக அறியப்பட்டதொன்று. ஏங்கெல்ஸ் 1845 இல் வெளியிட்ட 'இங்கிலாந்திற் தொழிலாளர் வர்க்கத்தின் நிலை' என்னும் நூலில், காற்றோட்டமற்ற குடியிருப்புக்கும் ஆலைத் தொழிலாளரைப் பீடித்த சயரோகத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். எனினும் அதே நூலில் ஐரிஷ் குடிவரவாளர் பற்றிய இயலை எழுதுமிடத்து, கார்லைலின் வெறுப்புமிக்க சித்திரிப்பை அவர் பெரிதும் ஏற்று எடுத்தாளுகின்றார். குடியிருப்பின் இழிநிலையைச் சுரண்டலின் விளைவாகக் கண்ட அவர், ஐரிஷ்காரர் விடயத்தில் அதனை அவர்தம் இயல்பின் விளைவாகவும் காண முற்பட்டார். வர்க்க நோக்குடையோரையும் குடிவரவாளர் பற்றிய ஐதீகம் பற்றிக்கொள்ளக்கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. முற்போக்காளர் இதனை மறைத்தல் கூடாது.

பின்னாளில் தோமஸ் மக்கியோன் இவ்விடயத்துக்குப் புள்ளிவிபர வடிவம் அளித்தார். இங்கிலாந்திலும் வேல்சிலும் காசநோய் மரணங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே வீழ்ச்சியடைந்து வந்தன. மருந்துகள் தோன்றுமுன்னரே வீழ்ச்சியின் பெரும்பகுதி நிகழ்ந்து முடிந்திருந்தது. உணவுநிலையின் உயர்வே இதற்குக் காரணம் என்றார் மக்கியோன். 1988 இல் சைமன் ஸ்ரெற்றர் இதனை மறுத்து, உயர்வு தானாக நிகழவில்லை. உள்ளூராட்சி அமைப்புகளும் பொதுச் சுகாதார இயக்கமும் நடத்திய அரசியற் போராட்டங்களின் பயன் அது என வாதிட்டார். இருவரும் ஒன்றிலே உடன்படுகின்றனர்: மருந்து மாத்திரம் காசநோயை வெல்லவில்லை.

இவ்விடத்தில் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வருதல் தவறு. வறுமையே காரணமாயின் வறுமை ஒழியும்வரை மருத்துவத்தாற் பயனில்லை எனச் சிலர் வாதிடக்கூடும். இந்தக் கொச்சைப் பொருள்முதல்வாதத்துக்கு மறுப்பாக அமைந்த ஆய்வு சென்னை நகரிலேயே நிகழ்ந்தது. 1956 இல் அங்கு காசநோய்ச் சிகிச்சை ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியன அதிற் கூட்டாகப் பங்குகொண்டன. வோலஸ் ஃபொக்ஸ் முதலானோர் இருநூறுக்குச் சற்றுக் குறைந்த வறிய நோயாளரை இரு பிரிவாக வகுத்தனர். ஒரு பிரிவினர் சனற்றோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மற்றையோர் நெரிசல் மிக்க தம் வீடுகளிலிருந்தே, குறைந்த உணவுடன், அதே மருந்தை உட்கொண்டனர். 1959 இல் வெளியான முடிவுகள் உலகை வியக்கவைத்தன. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதேயளவு குணமடைந்தனர். அவர்தம் குடும்பத்தாருக்கு நோய் பரவும் அபாயமும் அதனாற் கூடவில்லை. உலகெங்கும் சனற்றோரியங்கள் மூடப்படுவதற்கு இவ்வாய்வு முக்கிய காரணமாயிற்று.

மக்கியோனும் சென்னை ஆய்வும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றலாம். உண்மையில் அவை இருவேறு வினாக்களுக்கு விடையளிக்கின்றன. வறுமை புதிய நோயாளரைத் தோற்றுவிக்கின்றது. மருந்து, தன்னை வந்தடைந்த நோயாளியை வறுமையின் நடுவிலும் குணமாக்குகின்றது. எனவே, வாழ்நிலையை மாற்றும் போராட்டமும் மருந்தைக் கதவுவரை கொண்டுசெல்லும் ஏற்பாடும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகமாட்டா. இன்னொன்றும் கருதத்தக்கது. இன்று இலண்டனில் ஒரு நோயாளி தன் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுகின்றான் எனின், அந்த அறிவு சென்னைச் சேரி மக்களின் உடல்களினூடாகப் பெறப்பட்டது. அவர்தம் நாட்டவர் அவ்வாயிலில் ஐயத்துடன் நோக்கப்படுகையில், இக்கடன் நினைவுகூரப்படுவதில்லை.

5. வாயிலுக்கு உள்ளே

2015 சனவரியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனமும் தேசிய சுகாதார சேவையும் கூட்டாக ஒரு காசநோய்ச் செயற்றிட்டத்தை வெளியிட்டன. அதன் சிறப்பான கூறு மறைநிலைத் தொற்றைத் தேடுவதாகும். காசநோய் வீதம் இலட்சத்துக்கு 150 ஐ எட்டிய நாடுகளிலிருந்தோ, சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவிலிருந்தோ ஐந்தாண்டுகளுக்குள் வந்த, 16 முதல் 35 வயது வரையிலானோருக்குக் குருதிச் சோதனை செய்யப்படலாயிற்று. தொற்றுக் காணப்பட்டவருக்கு ரிபாம்பிசினும் ஐசோனியாசிட்டும் மூன்று மாதமோ, ஐசோனியாசிட் மாத்திரம் ஆறு மாதமோ வழங்கப்படுகின்றன. நோய் எழுமுன்னரே அதனைத் தடுக்கும் இம்முறை, கதிர்ப்படம் காணாததைக் காண முயல்கின்றது. ஆயின் இது நாடு முழுவதற்குமன்றி நோய் மிகுந்த இடங்களுக்கே உரியதாக வகுக்கப்பட்டது. வீத எல்லை காரணமாக இந்தியர் இதனுள் அடங்குவர், இலங்கையர் அடங்கார்.

எம்மவர் பெருந்தொகையாக வாழும் ஈஸ்ற்ஹாம் பகுதியை உள்ளடக்கிய நியூகாம், 2010களின் தொடக்கத்தில் காசநோய் வீதம் இலட்சத்துக்கு நூறைத் தாண்டிய இடமாகும். அங்கே மறைநிலைத் தொற்றுக்கான சிகிச்சையை வைத்தியசாலைக்குப் பதிலாகக் குடும்ப வைத்தியரிடத்தும் ஊர் மருந்தகத்திலும் வழங்கிப் பார்த்தனர். சிகிச்சையை முடித்தோர் வீதம் வைத்தியசாலையிற் பெற்றோரினதிலிருந்து குறிப்பிடத்தக்க அளவுக்கு வேறுபட்டதாக இருக்கவில்லை. சென்னையில் அரை நூற்றாண்டுக்கு முன்னர் கற்ற பாடம் இலண்டனில் மீண்டும் கற்கப்பட்டது எனலாம்.

காசநோய்க்கான சோதனையும் சிகிச்சையும் அங்கு எவருக்கும் இலவசம். வீசா நிலை வினவப்பட வேண்டியதில்லை. இது போற்றத்தக்க ஏற்பாடு. ஆனால் நோயாளி தனக்குக் காசநோய் என்று அறிந்துகொண்டா வைத்தியரிடம் செல்கின்றான்? அவனறிந்தது நாட்பட்ட இருமல் மட்டுமே. பிற நோய்களுக்குக் கட்டணம் அறவிடப்படலாம் என அஞ்சுபவன், இருமலுடனேயே வேலைக்குச் செல்வான். 2017 சனவரியில் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையொன்று, நோயாளரின் முகவரி முதலான விபரங்களைக் குடிவரவு அமுலாக்கத்துக்காக உள்துறை அமைச்சு பெறுவதற்கு வழிசெய்தது. வைத்தியர்களதும் மனிதவுரிமை அமைப்புகளதும் எதிர்ப்பின் பின்னர் 2018 இல் அது கைவிடப்பட்டது. ஆயினும் ஆவணமற்ற தொழிலாளி மனத்தில் விதைக்கப்பட்ட அச்சம், உடன்படிக்கையுடன் சேர்ந்து கைவிடப்பட்டதாகக் கொள்ளமுடியாது.

வீட்டுப் பிரச்சினை இதனினும் கூர்மையானது. 'பொது நிதியைப் பெறும் உரிமையற்றவர்' என்னும் நிபந்தனையுடன் வாழும் குடிவரவாளர் பலர். அவருக்கு வேலை போனால் வாடகைக்கு உதவியில்லை; அறை போனால் அரச குடியிருப்பில்லை. வீடற்றவனால் ஆறு மாதம் தவறாது மருந்துண்ணல் அரிது. மருந்து இடையில் நின்றால் மருந்துக்கு அடங்காத கிருமி தோன்றும். இதனையுணர்ந்தே, 2016 இல் வெளியிடப்பட்ட தேசிய மருத்துவ வழிகாட்டல், வேறு வகையில் உரிமையற்றவராயினும் வீடற்ற காசநோயாளருக்குச் சிகிச்சைக் காலம் முழுவதும் தங்குமிடம் அளித்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. குடிவரவுச் சட்டம் மறுக்கும் கூரையை மருத்துவம் மருந்தாக விதிக்க நேர்ந்தமை, முதலாளித்துவ அரசின் அகமுரண்பாட்டைக் காட்டுவதாகும். ஆறு மாதம் முடிந்ததும் அக்கூரை மீண்டும் பறிக்கப்படலாம். நோயாளியாக இருக்கும்வரை வீடு. உடல்நலம் பெற்றால் தெரு!

இந்நிலை குடிவரவாளருக்கு மாத்திரம் உரியதன்று. அங்கு பிறந்து காசநோயால் வருந்துவோரிடையே வீடின்மை, சிறை, மதுவுக்கு அடிமையாதல் ஆகியன மிகுதியாகக் காணப்படுகின்றன. மிக வறிய பகுதிகளின் நோய்வீதம் மிகச் செழித்த பகுதிகளினதைவிடப் பன்மடங்கு அதிகம். குடியுரிமையால் வேறுபடுத்தப்பட்ட இரு சாராரையும் கிருமி ஒரே வர்க்கமாக இனங்கண்டிருக்கின்றது. ஒருவரை மற்றவருக்கு எதிராக நிறுத்தும் அரசியல் இவ்வொற்றுமையை மறைப்பதாலேயே வாழ்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, 'குடிவரவாளர் நோயைக் கொண்டுவருகின்றனர்' என்னும் வாசிப்பு அரைகுறையானது என்பது பெறப்படும். அவருட் பலர் தொற்றைக் கொண்டுவருகின்றனர் என்பது உண்மை. அத்தொற்றும் ஏகாதிபத்தியம் விட்டுச்சென்ற வறுமையினின்று பிரிக்கப்படக்கூடியதன்று. அத்தொற்றை நோயாக்குவதில் வந்து சேர்ந்த நாட்டின் அறைகளுக்கும் வேலைத்தலங்களுக்கும் சட்டங்களுக்கும் பங்குண்டு. 2011 க்குப் பின்னர் பல ஆண்டுகள் வீழ்ந்துவந்த நோயாளர் தொகை 2023 இலும் 2024 இலும் மீண்டும் உயர்ந்தமை, வாயிற் சோதனையை மட்டும் நம்பியிருத்தல் போதாது என்பதற்குச் சான்றாகும்.

ஆகவே வாயிற் சோதனையை எதிர்ப்பது எமது நிலைப்பாடாகாது. அது நோயாளியைத் தடுப்பதற்கன்றிச் சிகிச்சையுடன் இணைப்பதற்காக அமைதல் வேண்டும். அதன் செலவு அரசினுடையதாதல் வேண்டும். மறைநிலைத் தொற்றுச் சோதனை அவர்தம் மொழியில் விளக்கப்பட்டு, விரும்பும் அனைவருக்கும் கிட்டுதல் வேண்டும். வைத்தியருக்குத் தரும் முகவரி பொலிசாரைச் சென்றடையாது என்னும் உறுதி வேண்டும். சிகிச்சைக்குத் தரும் கூரை, சிகிச்சைக்குப் பின்னரும் நிலைத்தல் வேண்டும். இவற்றைக் கோருதல் கருணையை வேண்டுதலாகாது. அந்நாட்டின் வைத்தியசாலைகளைத் துப்புரவு செய்தும், பேருந்துகளை ஓட்டியும், உணவுச்சாலைகளிற் பாத்திரம் கழுவியும் வாழ்வோர் கோரும் உரிமை அது. புதுமைப்பித்தனுக்கும் மருந்துக்கும் இடையே நான்கு மாதங்கள் நின்றன. இன்றைய குடிவரவாளனுக்கும் மருந்துக்கும் இடையே காலம் நிற்கவில்லை. மனிதர் இயற்றிய சட்டங்களே நிற்கின்றன. மனிதர் இயற்றியதை மனிதரால் மாற்ற முடியும்.